ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஆபரேஷன் வேண்டாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 58 வயது, உடுமலைப்பேட்டையில் இருக்கிறார். ஏழெட்டு வருடத்தில் இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்து லேசரில் எடுத்தோம். ஒரு வருடமாக இடுப்பு வலி, கால் வலி, எப்போதும் அசதி, மலச்சிக்கல்; ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். எலும்பு டாக்டர் கால்சியம் மாத்திரையும், வாரம் ஒன்று வைட்டமின் டி-யும் கொடுத்தார். அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 11.6 என்று வந்தது, மறுபடி எடுத்தபோது 11.9. பி.டி.எச். 212, வைட்டமின் டி 9, கிரியாட்டினின் 0.9. பாராதைராய்டில் கட்டி இருக்கும், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் ஒரு டாக்டர். ஆனால் கழுத்து அல்ட்ராசவுண்டில் தைராய்டில் 8 மில்லிமீட்டர் கட்டி ஒன்றுதான் தெரிகிறது. செஸ்டமிபி ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. 'ஸ்கேன் நார்மல், ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையில் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார் இன்னொரு டாக்டர். அம்மா மார்கழி பஜனையில் முன்னால் நின்று பாடுகிறவர். கழுத்தில் கத்தி வைத்தால் குரல் போய்விடும் என்று அத்தை பயமுறுத்தி வைத்திருக்கிறார். எங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கும் இதே பி.டி.எச். அதிகம், அவர் மாத்திரையில்தான் இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது? இது எனக்கும் வருமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்:

வணக்கம்மா. நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துத்தான் சொல்கிறேன். அந்த எண்கள் சரி என்றால் அவருக்கு ஆபரேஷன் தேவை. ஸ்கேனில் எதுவும் தெரியாததை வைத்து அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்கேனில் தெரியாததால் யாரிடம் ஆபரேஷன் செய்துகொள்வது என்பதில்தான் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அனுப்புகிற டாக்டர்களே சில நேரம் அப்படித்தான் எழுதி அனுப்புகிறார்கள்.

பாராதைராய்டு சுரப்பிகள் பெரும்பாலானவர்களுக்கு நான்கு. தைராய்டின் பின்பக்கம், வலதில் இரண்டு, இடதில் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு துவரம் பருப்பு அளவுதான், எடை 50 மில்லிகிராமைத் தாண்டாது. தைராய்டோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் தைராய்டு செய்யும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் 'தைராய்டு டெஸ்ட் நார்மல்தானே' என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இவற்றின் ஒரே வேலை ரத்தத்தில் கால்சியத்தை ஒரு சின்ன எல்லைக்குள், கிட்டத்தட்ட 8.5-லிருந்து 10.5 மில்லிகிராமுக்குள், பிடித்து வைப்பது. கால்சியம் கொஞ்சம் இறங்கினால் இந்தச் சுரப்பிகளின் பி.டி.எச். ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும், வைட்டமின் டி-யை முடுக்கிவிட்டு குடலிலிருந்து அதிகமாக உறிஞ்ச வைக்கும். கால்சியம் ஏறினால் பி.டி.எச். அடங்கிவிட வேண்டும்.

அம்மாவுக்கு அது அடங்கவில்லை, அதுதான் நோய். கால்சியம் 11.9 இருக்கும்போது ஆரோக்கியமான சுரப்பிகள் ஏறக்குறைய தூங்கிவிட்டிருக்க வேண்டும், பி.டி.எச். இருபதுக்குக் கீழே போயிருக்க வேண்டும். லேப் சீட்டில் 15 முதல் 65 வரை நார்மல் என்று அச்சடித்திருப்பார்கள். 11.9 கால்சியத்தோடு பி.டி.எச். 55 என்று வந்திருந்தால்கூட நான் அதை நார்மல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், சிவப்பு எழுத்தில் வராததால் அதை யாரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், அதனாலேயே பலருக்கு இந்த நோய் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகிறது. அம்மாவுக்கோ 212. சந்தேகத்துக்கு இடமே வைக்காத எண்.

நோய் இருக்கிறதா என்பதைச் சொல்வது ரத்தம். ஸ்கேன் சொல்வது அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும், அதுவும் முடிந்தால். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்த பிறகும் கரண்ட் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்; எந்தச் சுவருக்குள் என்று எலக்ட்ரீஷியனுக்குப் பிடிபடவில்லை என்பதற்காகக் கசிவே இல்லை என்று பில்லைக் கட்டிக்கொண்டிருப்போமா?

செஸ்டமிபி என்பது முதலில் இதயத்துக்கான ஸ்கேனுக்கு வந்த மருந்து. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதிகமுள்ள செல்களில் போய் அது தங்கும். பெரிய பாராதைராய்டு கட்டிகளில் அப்படிப்பட்ட செல்கள் நிறைய இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் படத்தில் கறுப்பாக நிற்கும். கட்டி சின்னதாக இருந்தால், அல்லது அதில் அந்த வகை செல்கள் குறைவாக இருந்தால், அல்லது ஒரு சுரப்பிக்குப் பதில் இரண்டு மூன்று சுரப்பிகள் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியிருந்தால் தங்காமல் கழுவிப் போய்விடும், ரிப்போர்ட்டில் 'அசாதாரணமாக எதுவும் இல்லை' என்று வரும். அம்மாவுக்கு இருப்பது போல் தைராய்டில் ஒரு கட்டி இருந்தால் அதுவும் படத்தைக் குழப்பும். அல்ட்ராசவுண்ட் விஷயம் இன்னும் மோசம், அது பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. உணவுக் குழாய்க்குப் பின்னால், மார்புக்குள் இருப்பதெல்லாம் அதில் தெரியவே தெரியாது. எங்கள் தொழிலில் ஒரு பழைய பேச்சு உண்டு: பாராதைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால் முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது கட்டியை அல்ல, அனுபவமுள்ள சர்ஜனை. கேலிக்குச் சொன்னது மாதிரி இருக்கும், பாதிக்கு மேல் உண்மை.

இன்னொரு முறை படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். 4-டி சி.டி. என்று ஒன்று இருக்கிறது, சாயம் செலுத்தி வேறு வேறு நொடிகளில் எடுப்பது, ஃப்ளூரோகோலின் பெட்-சி.டி. என்று இன்னொன்று, செஸ்டமிபியில் தப்பித்த பலதை அது பிடித்துவிடுகிறது, ஆனால் பெரிய ஊர்களில் சில இடங்களில்தான் செய்கிறார்கள், செலவும் அதிகம். கட்டி இருக்கும் இடம் முன்கூட்டியே தெரிந்தால் கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் மூன்று சென்டிமீட்டருக்குள் கீறி, அதை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்பதுதான் இதில் உள்ள லாபம். அதுவும் தெரியவில்லை என்றால் நான்கு சுரப்பிகளையும் நேரில் பார்க்கும் பழைய முறை இருக்கிறது. ஸ்கேன்கள் வருவதற்கு முன்னால் பல பத்தாண்டுகள் அப்படித்தான் செய்தார்கள், இன்றைக்கும் நல்ல கையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதில் குணமாகிறார்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். சினகால்செட் என்ற மாத்திரையைத்தான் அந்த டாக்டர் சொல்லியிருப்பார். அது ரத்தக் கால்சியத்தை இறக்கும், உண்மைதான். ஆனால் எலும்பின் அடர்த்தியைக் கூட்டாது. நாள் தவறாமல் சாப்பிட வேண்டும், பலருக்குக் குமட்டும், நிறுத்தினால் கால்சியம் திரும்ப ஏறும். எலும்புக்கென்று அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் ஆசிட் போன்றவை இருக்கின்றன, அவை எலும்பை ஓரளவு காப்பாற்றும், கால்சியத்தை நிரந்தரமாக இறக்காது. கால்சியம், எலும்பு, கல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சிகிச்சை ஆபரேஷன்தான். மயக்க மருந்து தாங்காத அளவுக்கு இதயமோ நுரையீரலோ கெட்டுப்போனவர்களுக்கு, அல்லது ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்கிறவர்களுக்கு மாத்திரை கொடுத்து ஓட்டுகிறோம், 58 வயதில் பஜனை பாடிக்கொண்டு நடமாடுகிற ஒருவருக்கு அதை முதல் சிகிச்சையாக நான் சொல்ல மாட்டேன்.

சரி, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குக்கூட எப்போது ஆபரேஷன் என்பதற்கு உலக அளவில் ஒப்புக்கொண்ட அளவுகோல்கள் இருக்கின்றன: கால்சியம் லேபின் மேல் எல்லையைவிட 1 மில்லிகிராமுக்கு மேல் கூடுதல், வயது 50-க்குக் கீழே, எலும்பு அடர்த்தி ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே, முதுகெலும்பில் நொறுங்கல், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே, சிறுநீரில் கால்சியம் அதிகம், சிறுநீரகத்தில் கல். இதில் ஒன்று இருந்தாலே போதும். அம்மாவுக்கு இரண்டு தடவை கல் வந்திருக்கிறது. கால்சியமும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் எடுங்கள், எடுக்கும்போது இடுப்பு, முதுகோடு நிறுத்தாமல் முன்கையையும், மணிக்கட்டுக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் அந்த இடத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் பி.டி.எச். முதலில் அரிப்பது கெட்டியான எலும்பைத்தான், அது முன்கையில்தான் நன்றாகத் தெரியும், முதுகெலும்பு மட்டும் பார்த்துவிட்டு 'சுமாராகத்தான் இருக்கிறது' என்று அனுப்பிவிடுகிற ரிப்போர்ட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

தெருக்காரர் கதை வேறு. சிறுநீரகம் கெட்டுப்போனால் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறும், வைட்டமின் டி வேலை செய்யாது, கால்சியம் இறங்கப் பார்க்கும். அதை ஈடுகட்டத்தான் நான்கு சுரப்பிகளும் சேர்ந்து பி.டி.எச்.சைக் கூட்டுகின்றன. அவர் கால்சியம் பெரும்பாலும் நார்மலாகவோ குறைவாகவோ இருக்கும். அங்கே சுரப்பி வெளியிலிருந்து வரும் தொந்தரவுக்குப் பதில் சொல்கிறது, அம்மாவுக்குச் சுரப்பியே தொந்தரவு. அவருக்கு மாத்திரை சரி, அதுவும் மாத்திரைக்கு அடங்காத அளவுக்குப் போனால் அவருக்கும் ஒரு நாள் ஆபரேஷன் வரலாம்.

ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. முதலில் அந்தக் கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதற்காகப் பால், மோர், கீரையை எல்லாம் நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டில் கால்சியத்தைக் குறைத்தால் சுரப்பி இன்னும் ஆட்டம் போடும், எலும்புதான் அடிவாங்கும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், வாந்தி பேதி வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள், உடம்பில் நீர் குறைந்தால் இவர்களுக்குக் கால்சியம் திடீரென்று எகிறும். 14-ஐத் தாண்டி ஆளே குழம்பிப்போய்ப் பேசுகிற நிலைமை எமர்ஜென்சி. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறாரா? அதில் ஹைட்ரோகுளோரோதயசைட், குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இவை சிறுநீரில் கால்சியம் போவதைத் தடுத்து ரத்தத்தில் ஏற்றிவிடும், வேறு மாத்திரைக்கு மாற்ற வேண்டும். மனநலத்துக்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே மாதிரி ரிப்போர்ட் வரும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பழக்கம் இருந்தால் பி.டி.எச். எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும், சில லேப் முறைகளில் அது எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

வைட்டமின் டி 9 என்பது மிகக் குறைவு. இதைப் பார்த்ததும் 'ஓ, டி குறைவுதான் பி.டி.எச். ஏறக் காரணம்' என்று சிலர் சொல்வார்கள். வெறும் டி குறைவாக இருந்தால் கால்சியம் இறங்கும், 11.9-க்கு ஏறாது. ஆக அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது, நம் ஊரில் இது சர்வசாதாரணம், அதனால்தான் நம்மிடம் இந்த நோய் எலும்பு தேய்ந்து, கல் வந்து, முற்றிய பிறகே தெரியவருகிறது. அமெரிக்காவில் 1970-களில் எல்லோருக்கும் கால்சியத்தையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை மெஷின்கள் வந்த பிறகு, ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கே தற்செயலாகக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். டி-யை ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஏற்ற வேண்டும், ஆனால் மெதுவாக, நடுவில் கால்சியம் பார்த்துக்கொண்டே. மெடிக்கலில் நீங்களே வாங்கித் தொடர்ந்து போடுகிற வேலை வேண்டாம்.

24 மணி நேர சிறுநீர்க் கால்சியம் எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. சில குடும்பங்களில் பிறவியிலேயே உடம்பு கால்சியத்தை அளக்கும் அளவு தப்பாக இருக்கும், ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் கூடுதல், சிறுநீரில் மிகக் குறைவு, அது தீங்கில்லாதது, அவர்களுக்கு ஆபரேஷன் செய்தாலும் பயனில்லை. இரண்டு தடவை கல் வந்த அம்மாவுக்கு அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் கழுத்தைத் திறப்பதற்கு முன் செலவு கம்மியான இந்த ஒரு டெஸ்டைச் செய்யாமல் விடக் கூடாது. டி ஏறிய பிறகு எடுங்கள், டி குறைவாக இருக்கும்போது சிறுநீர்க் கால்சியமும் குறைவாகத் தெரிந்து ஆளை ஏமாற்றும். எடுக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: காலை ஆறு மணிக்கு எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை டாய்லெட்டில் விட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் அன்று பகல், இரவு முழுக்க போவதையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் லேப் கொடுத்த கேனில் பிடிக்க வேண்டும், மறுநாள் காலை அதே ஆறு மணிக்குப் போவதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் கடைவீதிக்குப் போனேன், அங்கே போய்விட்டேன் என்றால் அந்த டெஸ்ட் வீண், மறுநாள் புதிதாகத் தொடங்குங்கள்.

தைராய்டில் உள்ள 8 மில்லிமீட்டர் கட்டிக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பார்க்கச் சாதுவாக இருக்கும் இந்த அளவுக் கட்டிக்கு ஊசி போட்டுப் பார்க்கக்கூடத் தேவையில்லை, ஆனால் அல்ட்ராசவுண்ட் செய்தவர் அதன் தோற்றத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்பதை சர்ஜனிடம் காட்டுங்கள். ஒருவேளை அதற்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் ஒரே கீறலில் முடித்துவிடலாம், அதே இடத்தை இரண்டாவது முறை திறப்பது எந்த சர்ஜனுக்கும் பிடிக்காத வேலை.

இனி ஆபரேஷன் எப்படி நடக்கும் என்பது. முழு மயக்கம் கொடுத்து, கழுத்தின் அடிப்பகுதியில், தோலில் ஏற்கெனவே இருக்கும் மடிப்பின் மேலேயே நாலைந்து சென்டிமீட்டர் கீறல். தசையை வெட்டாமல் விலக்கி, தைராய்டை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்து, பின்னால் தேடுவோம். நல்ல சுரப்பி மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் கொழுப்புக்குள் புதைந்திருக்கும், கொழுப்பு எது சுரப்பி எது என்று பிரித்துப் பார்க்கத்தான் பல வருடப் பழக்கம் வேண்டும். நோயுள்ளது கருஞ்சிவப்பாக, தடித்து, மெதுவாகத் தொட்டால் கொழுப்புக்குள் வழுக்கி நகரும். ஒரு துளி ரத்தம் கசிந்தாலும் எல்லாம் ஒரே நிறமாகிவிடும் என்பதால் இந்த ஆபரேஷனில் அவசரமே கூடாது. எண்பது எண்பத்தைந்து சதவீதம் பேருக்கு ஒரே ஒரு கட்டிதான். சிலருக்கு இரண்டு. சிலருக்கு நான்குமே வீங்கியிருக்கும், அப்போது மூன்றரையை எடுத்துவிட்டுப் பாதியை விட்டு வைப்போம். புற்றுநோயாக இருப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போவதும் உண்டு. கருவில் கீழ்ச் சுரப்பிகள் தைமஸ் என்ற இன்னொரு சுரப்பியோடு சேர்ந்து தாடைப் பக்கத்திலிருந்து கீழே இறங்கி வருகின்றன, சில நேரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் தைமஸோடேயே மார்புக்குள் போய்விடும். சார்லஸ் மார்ட்டெல் என்ற அமெரிக்கக் கப்பல் கேப்டனைப் பற்றி எங்கள் படிப்பில் எல்லோரும் படிப்போம். எலும்பெல்லாம் கரைந்து ஆள் உயரமே அங்குலக் கணக்கில் குறைந்துவிட்டது. கழுத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தும் கிடைக்காமல், கடைசியில் 1932-ல் பாஸ்டனில் ஏழாவது ஆபரேஷனில் மார்புக்குள்ளிருந்து கட்டியைக் கண்டுபிடித்தார்கள், அதற்கப்புறம் சில வாரங்களில் கல்லுக்காகச் செய்த ஆபரேஷனைத் தொடர்ந்து இறந்துபோனார். அதற்கு ஏழு வருடம் முன்னால் 1925-ல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் ஒரு டிராம் கண்டக்டருக்கு முதன்முதலாக இந்தக் கட்டியை வெற்றிகரமாக எடுத்திருந்தார். (மனிதருக்கு இப்படி ஒரு சுரப்பி இருப்பதே 1880-ல்தான் ஸ்வீடனைச் சேர்ந்த சாண்ட்ஸ்ட்ராம் எழுதித் தெரியவந்தது, அதற்கும் முன்னால் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த நம் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில் ரிச்சர்ட் ஓவன் இதைப் பார்த்திருந்தார். துவரம் பருப்பைக் கண்டுபிடிக்கக் காண்டாமிருகம் தேவைப்பட்டிருக்கிறது.) இன்றைக்கு அந்த நிலைமை இல்லை. கழுத்து வழியாகவே தைமஸின் மேல் பகுதியை இழுத்துப் பார்ப்போம், உணவுக் குழாய்க்குப் பின்னால், கழுத்தின் பெரிய ரத்தக் குழாய் உறைக்குள், தைராய்டுக்கு உள்ளேயேகூடத் தேடுவோம். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் முதல் தடவையிலேயே மார்பைத் திறக்க மாட்டோம், மூடிவிட்டு, நல்ல ஸ்கேன்களை மறுபடி எடுத்து, இடம் தெரிந்த பிறகுதான் அடுத்தது.

எடுத்தது சரியான ஆளைத்தானா என்று அங்கேயே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அம்மா மாதிரி ஸ்கேனில் தெரியாதவர்களுக்கு இது ரொம்ப உபயோகம். பி.டி.எச். ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்காது, நாலைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். கட்டியை எடுப்பதற்கு முன் ஒரு ரத்தம், எடுத்து 10 நிமிடம் கழித்து ஒரு ரத்தம். முன்னால் இருந்த உச்ச அளவிலிருந்து பாதிக்கு மேல் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. இறங்கவில்லை என்றால் இன்னொன்று எங்கோ இருக்கிறது, தையல் போடாமல் தேடுவோம். எடுத்த துண்டு பாராதைராய்டுதானா அல்லது நிணநீர் முடிச்சா என்று பத்தாலஜி டாக்டர் உறைய வைத்து உடனே பார்த்துச் சொல்வதும் உண்டு. இரண்டில் ஒரு வசதிகூட இல்லாத இடத்தில் ஸ்கேனில் தெரியாத நோயாளிக்கு ஆபரேஷன் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குரல். அத்தை சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன், பாடுகிறவருக்கு இந்தப் பயம் நியாயமானது. குரல் நாணை அசைக்கும் நரம்பு ஒவ்வொரு பக்கமும் இந்தச் சுரப்பிகளை உரசிக்கொண்டுதான் போகிறது. பழகிய கையில் அந்த நரம்பு நிரந்தரமாகக் கெடுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. சில வாரம் கரகரப்பு என்பது அதைவிடக் கொஞ்சம் அதிகம், தொண்டையில் குழாய் வைத்ததாலும் வரும். மேல் ஸ்தாயி பாடுகிறவர்களுக்கு இன்னொரு சின்ன நரம்பும் முக்கியம், அது தைராய்டின் மேல் முனைக்குப் பக்கத்தில் போகிறது. அது சோர்ந்தால் பேச்சு நன்றாக இருக்கும், உச்சத்துக்குப் போகும்போது குரல் ஏறாது. அதனால் அம்மா பாடுகிறவர் என்பதை சர்ஜனிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் காது மூக்கு தொண்டை டாக்டர் குரல் நாண்களைக் கேமராவில் பார்த்து எழுதி வைக்கட்டும். மார்கழிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துத் தேதி வாங்குங்கள், பாட்டை ஒரு மாதம் ஒத்திவைக்கலாம், கால்சியம் 11.9-ஐ ஒரு வருடம் ஒத்திவைக்கக் கூடாது.

எங்கே போவது? எண்டோகிரைன் சர்ஜரி என்று தனியாகவே ஒரு படிப்பு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே துறை உண்டு, கோவையிலும் இதைப் படித்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: நீங்கள் வருடத்துக்கு எத்தனை பாராதைராய்டு செய்கிறீர்கள், தைராய்டைச் சேர்க்காமல்? ஸ்கேனில் தெரியாதவர்களுக்குச் செய்திருக்கிறீர்களா? தியேட்டரில் பி.டி.எச். பார்க்கும் வசதி இருக்கிறதா? கட்டி கிடைக்கவில்லை என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? இதைக் கேட்டால் கோபப்படுகிற டாக்டர் என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஆனால் அம்மா விஷயத்தில் நான் அவசரப்பட மாட்டேன். இத்தனை நாள் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிய ஹார்மோன் திடீரென்று நின்றதும் எலும்பு ரத்தத்திலிருந்து கால்சியத்தைத் திரும்ப வாரி இழுக்கும். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கும், ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பேடேஸ் அதிகம் உள்ளவர்களுக்கும் இது பலமாக வரும், அந்த டெஸ்டையும் முன்னாலேயே பார்த்து வையுங்கள். இரண்டிலிருந்து நாலாவது நாளுக்குள் கால்சியம் அதிகம் இறங்கும். உதட்டைச் சுற்றிக் கூசுவது, விரல் நுனியில் எறும்பு ஊர்வது மாதிரி இருப்பது, இதுதான் முதல் அறிகுறி, டாக்டர் சொல்லியிருக்கும் கணக்குப்படி உடனே கூடுதல் கால்சியம் மாத்திரை கொடுக்க வேண்டும். கை விரல்கள் இழுத்துக்கொண்டு குவிந்தால் ராத்திரி இரண்டு மணி என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்தச் சொன்ன அதே மாத்திரையை இப்போது அள்ளிக் கொடுக்கிறார்களே என்று வீட்டில் யாராவது சண்டைக்கு வருவார்கள், இதைச் சொல்லிப் புரியவையுங்கள். முதல் நாள் கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு இறுகினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அபூர்வம்தான், ஆனால் நிமிடக் கணக்கில் கவனிக்க வேண்டியது, நர்ஸைக் கூப்பிடத் தயங்கக் கூடாது.

சில வாரம் கழித்து பி.டி.எச். மட்டும் எடுத்துப் பார்த்து, கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, நோய் திரும்பிவிட்டது என்று பயந்துபோய் வருகிறவர்கள் நிறைய. கால்சியம் நார்மலாக இருந்தால் அது பெரும்பாலும் எலும்பு இன்னும் பசியோடு இருப்பதாலும் டி போதாததாலும்தான். ஆறு மாதம் கழித்துக் கால்சியம் நார்மலாக இருந்தால் குணம் என்று எழுதிவிடுவோம். ராத்திரி எழுந்திருப்பது, மலச்சிக்கல் எல்லாம் சீக்கிரமே மாறக்கூடியவை. எலும்பு அடர்த்தி ஒன்றிரண்டு வருடத்தில் நன்றாக ஏறும். புதிய கல் வருவது குறையும், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் கல் கரையாது. அசதி சிலருக்குப் பளிச்சென்று போகிறது, சிலருக்கு அவ்வளவாகப் போவதில்லை, அதை மட்டும் நம்பி ஆபரேஷனுக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக உங்கள் விஷயம். 58 வயதில் ஒருவருக்கு வரும் இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை யாருக்காவது சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பக் கல், பாராதைராய்டு கட்டி, பிட்யூட்டரி கட்டி, கணையக் கட்டி என்று ஏதாவது இருந்ததா என்று விசாரியுங்கள், இருந்தாலோ அல்லது ஆபரேஷனில் ஒன்றுக்கு மேல் சுரப்பி வீங்கியிருப்பது தெரிந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசலாம். அப்படி எதுவும் இல்லை என்றால், உங்களுக்கு அடுத்து எப்போது ரத்தம் எடுக்கிறார்களோ அப்போது கால்சியம், அதைப் பிடித்து வைத்திருக்கும் ரத்தப் புரதமான அல்புமின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அல்புமின் தெரியாமல் கால்சியம் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, அம்மாவின் பழைய ரிப்போர்ட்டிலும் அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.